முதலில் எண்ணெயைப் பாருங்கள்

நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் பழைய ஹோண்டா சிஆர்-வி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் ஒரு முனகல், கூடவே வண்டியே உதறும். இதைக் கேட்டதும் பின் டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த வண்டியின் பின்பக்கம் இரண்டு ஹைட்ராலிக் பம்புகள் உண்டு. ஒன்றை முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் சுற்றும், மற்றதைப் பின்சக்கரங்கள் சுற்றும். முன்சக்கரம் வழுக்கி வேகம் மாறுபட்டால் அழுத்தம் ஏறி கிளட்ச் தட்டுகள் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரத்துக்கும் சக்தி போகும். ஒடித்துத் திரும்பும்போதும் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடுவதால் அதே வேகமாறுபாடு கொஞ்சம் எழும். எண்ணெய் கெட்டிருந்தாலோ, யாராவது சாதாரண கியர் ஆயிலை ஊற்றியிருந்தாலோ தட்டுகள் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும், உதறல் அதுதான். உரிய டூயல் பம்ப் ஆயிலை மாற்றி, காலி மைதானத்தில் எட்டுப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது 'டொக்' என்று ஒரு தட்டு விழுந்தால் அது வேறு கதை. வண்டியைத் தூக்கி ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும், ஜாயின்ட்டில் ஆட்டம் தெரியும். எஞ்சின் மவுண்ட்டையும் விடக்கூடாது. டயர் தேய்மானம் மாறுபட்டாலும் அதே வேகமாறுபாடு எழும் என்பதால் நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், அதற்குக் காசே ஆகாது. மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுமுன், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.