ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா விளையாடுது!

பெரிய நாய் வளர்க்கும் நம்மாளுங்க எல்லாருக்கும் மனப்பாடமான வசனம் இது. முப்பது கிலோ லேப்ரடார் பாய்ந்து வந்து உங்கள் முழங்கையைக் கவ்வியிருக்கும். உரிமையாளர் இருபதடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டே இதைச் சொல்லுவார்.

அவர் சொல்வது பொய்யில்லை. சுட்டு வீழ்த்திய பறவையை வாயில் கவ்விக் கொண்டுவர உருவாக்கிய இனம் அது. நமக்குக் கை எப்படியோ, அதற்கு வாய் அப்படி. ஆனால் காட்டுப்பள்ளிக் கடற்கரையில் வலை சரிசெய்துகொண்டிருப்பவருக்கும், ஷிப்ட் முடிந்து நடந்து போகிற தொழிலாளிக்கும் நாயின் மனசு எப்படிங்க தெரியும்? வெளியிடத்தில் முரட்டு விளையாட்டை அடக்கவேண்டியது எதிரே வருபவர் இல்லை, கயிற்றைப் பிடித்திருப்பவர்தான் என்பது என் கட்சி.

சரி, எப்படி அடக்குவது? "மூக்குல ஒண்ணு போடு" என்பார்கள். பிரிட்டனில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்களிடம்தான் தொல்லைகள் அதிகம் இருந்தன. நாய் மோசம் என்பதால் அடி விழுந்ததா, அடி விழுந்ததால் மோசமானதா என்று வாதாடலாம். அடி தீர்த்துவைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். கத்துவதும் கையால் தள்ளுவதும்கூட அதன் கணக்கில் விளையாட்டுதான் :-)

நாய்க்குப் புரிகிற ஒரே பாஷை: பல் தோலில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும். வீட்டுக்குள் என்றால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தலாம். வெட்டவெளியில் கதவு ஏது? நாம் திரும்பி நடந்தால் சட்டையைப் பிடித்துத் தொங்கும். அங்கேதான் கயிறு உதவும். நாய்க்கு ஹார்னெஸ் மாட்டி (கழுத்துப் பட்டை வேண்டாம், வெடுக்கென்று இழுத்தால் நெரிக்கும்) ஒரு சவுக்கு மரத்தில் ஏழெட்டு அடிக் கயிற்றால் கட்டுங்கள். கயிறு எட்டும் இடத்தில் நின்று விளையாடுங்கள். பல் பட்டதா, பேசாமல் எட்டாத தூரத்துக்கு நகர்ந்துவிடுங்கள். அரை நிமிடம் கழித்து, நாலு காலும் தரையில் இருந்தால் மறுபடி ஆட்டம்.

கைக்குப் பதிலாகக் கடிக்க ஒரு முறுக்குக் கயிறு கொடுங்கள். இழுபறியில் ஜெயிக்கவிட்டால் நாய் தலைவனாகிவிடும் என்பது கட்டுக்கதை. 14 கோல்டன் ரெட்ரீவர்களை வைத்து 2002-ல் நடந்த ஆய்வில் அப்படி எதுவும் ஆகவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "விடு", "உட்கார்" சொல்லி மூச்சு வாங்கவிடுங்கள். களைத்த நாய் இன்னும் அதிகமாகக் கவ்வும், அப்போது வீட்டுக்குக் கிளம்பிவிடுவது நல்லது.

"நம்ம நாய் அந்த மாதிரி இனம் இல்லையே" என்பவர்களுக்கு ஒன்று. 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் லேப்ரடாரும் இல்லை, நம்ம ராஜபாளையமும் இல்லை. அதற்காக அவற்றுக்குப் பல் இல்லாமல் போய்விடுமா? அதே ஆண்டு மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் கட்டாமல் விட்ட இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. அது விளையாட்டில்லை, தாக்குதல். ஆனால் அவிழ்த்துவிட்ட பெரிய நாய் ஓடிவரும்போது, எது விளையாட்டு எது தாக்குதல் என்று எந்தக் குழந்தையாலும் பிரித்துப் பார்க்க முடியாது.

சட்டமும் நோக்கம் கேட்பதில்லை. வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சம்ஹிதா 291-ன்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ரேபிஸும் நோக்கம் கேட்காது. விளையாட்டில் பல் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஆக, "ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லும் நேரத்தில் கயிற்றை இழுத்துப் பிடிக்கலாம். அதுதான் நாய்க்கும் நல்லது. என்ன சொல்றீங்க?