பொன்னா, மண்ணா?

ஆஸ்டின் டவுனில் நானும் இரு நண்பர்களும் வாடகைக்கு இருக்கும் அறையில் சென்ற மாதம் மூன்று இரவுகள் விளக்கு அணையவில்லை. பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று வீட்டுக்கார அம்மா மகிழ்ந்திருப்பார். உண்மை அதுவன்று. 1992-இல் லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்’ என்னும் கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடந்தோம். நாங்கள் பிறப்பதற்கு முன்பே பிறந்த விளையாட்டு. ஆயினும் என்ன சுவை!

கதை 1939-இல் நடக்கிறது. தொல்பொருள் பேராசிரியர் ஜோன்ஸ், கடல்கொண்டதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் நகரைத் தேடிப் புறப்படுகிறார். அந்நகரத்தாரின் ஆற்றல் மிகுந்த உலோகத்தைப் பறித்துக் குண்டு செய்ய நாட்சிகள் பின்தொடர்கின்றனர். வழியெல்லாம் புதிர்கள். பிளேட்டோ எழுதியதாகக் கற்பனை செய்யப்பட்ட நூல் ஒன்று கையில் கிடைக்கிறது. அவர் கணக்கில் பத்து மடங்கு பிழை இருப்பதை உணர வேண்டும். நூலைப் புரட்டாதவன் மூடிய கதவின் முன் நின்று தலையைச் சொறிய வேண்டியதுதான். படிப்புக்கு இத்தனை மதிப்புத் தரும் விளையாட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

திரையின் அடியில் ஒன்பது வினைச்சொற்கள் இருக்கும். கொடு, எடு, திற, மூடு, தள்ளு, இழு, பார், பேசு, பயன்படுத்து. சொல்லைத் தொட்டுப் பொருளைத் தொட்டால் பேராசிரியர் அதைச் செய்வார். மூன்றாம் நாள் இரவில்தான் எனக்கு உறைத்தது: இந்த ஒன்பதில் ‘அள’ என்று ஒன்று இல்லை, ‘எழுது’ என்றும் இல்லை. திக்கால் கோயிலில் அவர் சுவரிலுள்ள சுருள் சிற்பத்தை விளக்கின் மண்ணெண்ணெயால் இளக்கிப் பெயர்க்கிறார். கல்லறை திறக்கிறது. உள்ளே கிடந்த உலோக மணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று ஒரு வரி குறித்தாரா? இல்லை. இறுதியில் அட்லாண்டிஸ் நகரமே அழிகிறது. உண்மையான தொல்லியலார் அங்கே இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார். ஜோன்சோ தப்பித்து வந்து கதையை முடித்துக்கொள்கிறார்.

“அளந்துகொண்டே இருந்தால் எவனடா விளையாடுவான்?” என்றான் அறை நண்பன். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மயக்கம் திரையோடு நிற்கவில்லையே! ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் எங்கள் அப்பத்தா கேட்பார்: “கீழடியில தங்கம் ஏதும் சிக்குச்சா?” சிக்கியது, அப்பத்தா. பொன்னணிகள் சில கிடைத்தன. ஆனால் கீழடியின் பெருமை பொன்னில் இல்லை. 353 என்ற எண்ணில் இருக்கிறது.

353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தபோது கி.மு. 580 என்ற காலம் வந்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டு அதை உலகுக்குச் சொன்னது. அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். கரிமம் தன் வயதை மட்டுமே சொல்லும். பக்கத்தில் கிடந்த பானையோட்டின் வயதைச் சொல்லாது. இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தன என்று குறித்து வைத்த மனிதனின் எழுத்துத்தான் இரண்டையும் இணைக்கிறது. ஓட்டில் கீறிய எழுத்தின் பழமை பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வாதிட முடிகிறதே, அதுவே அந்த எண் தந்த வரம்.

ஆதிச்சநல்லூரை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் தோண்டினார். கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். கரிமக் கணிப்பு முறை உருவானதோ 1949-இல். நாளைக்கு என்ன கருவி வரும் என்று இன்று தோண்டுகிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் கரியையும் உமியையும்கூடப் பொன்போல் பொதிந்து வைக்கிறார்கள்.

இந்தப் பெங்களூரிலும் சான்று உண்டு. எங்கள் அறையிலிருந்து நடந்தே போகலாம், டொம்லூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலுக்கு. போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. அவற்றில் அவ்வூரின் பெயர் தோம்பலூர். அந்தக் கல்லை எவரேனும் பெயர்த்துச் சென்று வரவேற்பறையில் வைத்திருந்தால், தோம்பலூர் எது என்று எங்கே போய்த் தேடுவது? பிழைப்புக்கும் படிப்புக்கும் இங்கே வந்த நம்மில் எத்தனை பேர் அங்கு போயிருக்கிறோம்? நானே இரண்டாண்டுகள் கழித்துத்தான் போனேன்.

இவ்வளவு பேசுகிறவன் யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். ஏழாம் வகுப்புப் படிக்கையில், உழுது போட்ட வயலில் சிவப்பு மணி ஒன்றைக் கண்டெடுத்தேன். நடுவே நேர்த்தியான துளை. சூதுபவளமாக இருக்கலாம். பேனாப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். அந்தப் பெட்டி இன்று ஆஸ்டின் டவுன் அறையின் அலமாரியில் இருக்கிறது. ஒன்பது சொற்களில் நான் அன்று அறிந்திருந்தது ‘எடு’ ஒன்றே.

விளையாட்டு முடிந்த மறுநாள், மணியைத் தொல்லியல் துறையில் ஒப்படைத்துவிடலாம் என்று மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த இடத்தைக் கேட்பார்களே, அந்த வயல் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“எந்த வயலுடா மாப்பிள்ளை? ஊருணி மேட்டு வயலா, இப்பத் தென்னை வச்சிருக்கோமே அந்த வயலா?” என்றார்.

எனக்கு நினைவில்லை.