பகலில் போவோம்

கல்முனையிலிருந்து கொழும்புக்கு நாம் பெரும்பாலும் இரவில்தான் போகிறோம். பஸ்ஸில் ஏறினால் நித்திரை. கண் விழித்தால் புறக்கோட்டை. இடையிலுள்ள ஊர்கள் நமக்கு வெறும் இருட்டு. இந்தப் பழக்கம் நல்லதாக எனக்குப் படவில்லை.

சென்ற விடுமுறையில் வாப்பா வேன் பிடித்துப் பகலில் கூட்டிப்போனார். மகா ஓயா வெந்நீர் ஊற்றில் மட்டும் நிற்பதாகத் திட்டம். ஆனால் பதியத்தலாவையில் டயர் வெடித்தது. ளுஹர் நேரம். பக்கத்தில் ஒரு சிறிய கடை. அபாயாவோடு இறங்க உம்மா தயங்கினார். 2019க்குப் பிறகு அப்படித்தான்.

கடைக்கார அம்மா ஏதோ கேட்டார். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு ‘ஏ’ எடுத்தவள் நான். "வத்துர" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. குடிக்கத் தந்தார். வுழூச் செய்வதுபோல் கையைத் தேய்த்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தானே தண்ணீர் அள்ளி ஊற்றினார். தொழுவதற்கு உள்ளே பாயும் விரித்தார்.

பதியத்தலாவை வேறு எங்கோ இல்லை, நம் அம்பாறை மாவட்டம்தான். ஒரே மாவட்டத்துக்குள் கையால் பேச வேண்டியிருக்கிறது. சிங்கள பாடவேளைகளில் ஒன்றையாவது வினாத்தாளை மூடிவைத்துக் கதைப்பதற்கு விட்டால் என்ன?

அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அந்த வசனம் எனக்குத் தெரியும், அந்நேரம் வரவில்லை.