வேண்டியது மட்டும் கேட்கும் காது

பெங்களூரில் காது கேட்காத தமிழனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாராவது ஏதாவது சொல்லி அது காதில் விழவில்லை என்றால் "கன்னடா கொத்தில்லா" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நான் இப்படி ஏழெட்டு வருஷம் தப்பித்தேன். முப்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியவனுக்குக் கன்னடம் தெரியாமல் இல்லை. கேட்கவில்லை என்பதைவிடத் தெரியவில்லை என்று சொல்வது கௌரவமாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் இந்த வித்தை செல்லவில்லை. டி.வி. சத்தத்தைப் பற்றி மாடி வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சாப்பிடும்போது அப்பளத்தைக் கடித்தால் மண்டைக்குள் இடி இடித்தது; எதிரில் இருப்பவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஆபீசில் எனக்கு மெதுவாகப் பேசுகிற சாது என்று பெயர். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டதால்தான் தணித்துப் பேசினேன் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

ஆனால் பஸ்ஸில் எனக்கு நன்றாகக் கேட்டது. மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூர் போகும் பஸ்ஸில், அத்தனை எஞ்சின் உறுமலிலும், பக்கத்து ஸீட்காரர் பேசியது தெளிவாக விழுந்தது. ஆகவே என் காதில் கோளாறில்லை, வீட்டில்தான் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று தீர்மானித்திருந்தேன்.

ஒருநாள் புனேயிலிருந்து மகள் போன் செய்தாள். ஏதோ சொன்னாள். "சரிம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் சொல்லி வைத்துவிட்டேன். அவள் சொன்னது தான் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதை. மறுநாள் என் மனைவி என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். லேசாகத்தான் கேட்டது. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்தார். கணீரென்று கேட்டது. "நரம்பு நன்றாக இருக்கிறது, சத்தம் வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது" என்றார். பிறகு, "குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு இருந்தது. குடியாத்தத்தில், வீட்டுக்குள் நாங்கள் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. தறிக்கொட்டகையில் அத்தனை தறிச் சத்தத்துக்கு நடுவில் யாராவது அவளைப் பற்றிப் பேசினால் உடனே திரும்பிப் பார்ப்பாள். "அவளுக்கு வேண்டியது மட்டும் கேட்கும்" என்று பாட்டி சொல்வாள். அப்பா சொல்வார். பிள்ளைகள் நாங்களும் சொல்லிச் சிரித்தோம்.

டாக்டர் சிரிக்கவில்லை. இந்த நோயின் அடையாளமே அதுதான் என்றார். இரைச்சலான இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுவார்கள். இரைச்சல் இவர்களுக்குப் பாதிதான் விழும், உயர்த்திய குரல் மட்டும் தப்பி வந்து சேரும். அம்மா நடிக்கவில்லை.

நோயின் பெயர் ஓட்டோஸ்கிளிரோஸிஸ். செவிப்பறைக்கு உள்ளே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் சங்கிலியாக இருக்கின்றன. அங்கவடிதான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். அதன் அடிப்பாகம் உள்காதின் வாசலில் பிஸ்டன் மாதிரி அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகும். இந்த நோயில் அங்கே புது எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டு காதிலும் வரும். பெண்களிடம் அதிகம். பரம்பரையாகவும் வரும்.

1952இல் நியூயார்க்கில் சாமுவேல் ரோஸன் என்ற டாக்டர் ஆபரேஷனுக்கு நடுவே அங்கவடி இறுகியிருக்கிறதா என்று தொட்டு அசைத்துப் பார்க்க, நோயாளிக்குத் திடீரென்று காது கேட்டது. ஆனால் அசைத்துவிட்ட எலும்பு பலருக்கு மறுபடி இறுகிக்கொண்டது. 1956 மே மாதம் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே என்பவர் அங்கவடியையே எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த ஒன்றை வைத்தார். எனக்குச் செய்தது அதன் இன்றைய வடிவம்.

அம்மா இறந்தது 1988இல். தென்னிந்தியாவில் இந்த நோயைப் பற்றி 1960களிலேயே ஆராய்ந்து எழுதியவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள். எங்கள் ஊரிலிருந்து வேலூர் ஒரு பஸ் தூரம். கண்புரைக்கு அம்மாவை அழைத்துப் போனோம். காதுக்கு யாருக்கும் தோன்றவில்லை.

நான் உடனே சம்மதித்துவிடவில்லை. பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைக்கும், நூற்றில் ஒருவருக்கு இருக்கிற காதும் போய்விடலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஆபரேஷன் வேண்டாமென்றால் ஹியரிங் எய்ட் போதும் என்றும் சொன்னார். ஒரு மாதம் யோசித்தேன். அந்த நூற்றில் ஒருவன் நானாகத்தான் இருப்பேன் என்று ராத்திரிகளில் நிச்சயமாகத் தோன்றும். கடைசியில், இரண்டில் மோசமான காதை முதலில் செய்வார்கள் என்பது தைரியம் தந்தது.

மரத்துப்போக ஊசி போட்டார்களே தவிர மயக்கவில்லை. மைக்ராஸ்கோப் வழியாக, காதுத் துவாரத்துக்குள்ளேயே வேலை நடந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எதுவோ பொருந்தியது போலிருந்தது. டாக்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து மிக மெதுவாக, "ஊரு யாவுது?" என்றார். "குடியாத்தம்" என்றேன். கன்னடா கொத்தில்லா என்று சொல்லத் தோன்றவில்லை.

அதோடு கதை முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக மீதியைச் சொல்கிறேன். மூன்று நாள் தலை சுற்றியது; கட்டில் படகு மாதிரி ஆடியது. நாக்கின் ஒரு பக்கம் எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல் ருசித்தது. நாக்குக்குப் போகும் மெல்லிய நரம்பு ஒன்று அந்த வழியாகத்தான் செல்கிறதாம். சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. மூக்கைச் சிந்தக்கூடாது, வாளி தூக்கக்கூடாது, காதில் தண்ணீர் படக்கூடாது, டாக்டர் சொல்லும்வரை விமானம் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பெங்களூர் தூசியிலும் மகரந்தத்திலும் இது ஒரு தவம்.

பத்தாம் நாள் காதுக்குள் அடைத்திருந்ததை எடுத்தார்கள். உலகம் இனிமையாக வந்து சேரவில்லை, இரைச்சலாகத்தான் வந்தது. பேப்பரைப் புரட்டினால் தகரம் சரிகிற ஓசை. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு எழுந்து வாசலுக்குப் போனேன். இத்தனை வருஷம் சத்தமில்லாமல் பழகிய மூளை, எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று மறுபடி கற்றுக்கொள்ள ஒன்றரை மாதம் பிடித்தது. அதன்பிறகு ஒரு காலை, என் மனைவி சமையலறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. எவ்வளவு காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

எல்லாக் காதுக்கும் இந்த ஆபரேஷன் உதவாது. நரம்பு பழுதானால் வைத்தியமே வேறு. எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை போதும், அரை மணி நேர வேலை. மைசூரில் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1960களிலிருந்து இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வசதியைக் கொண்டுபோவதற்காகவே 2006-07இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கினார்கள். நம் நாட்டில் சுமார் 6.3 கோடிப் பேருக்குக் காது குறிப்பிடத்தக்க அளவு கேட்பதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் "என்ன?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாம் முறை தலையாட்டிவிடுகிறோம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கையைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. "அத்தைக்கு வேண்டியது மட்டும்தான் மாமா கேட்கும்" என்று அவள் மருமகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தங்கை பெங்களூர் வருகிறாள். குடியாத்தம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடப் போவது அந்த மருமகள்தான்.