ஆபேக்கு வயது பத்தவில்லையோ?

"மூணு மாசமா ரத்தம் வரலை பெரியம்மா. மாத்திரையை நிறுத்திடலாமான்னு பார்க்கிறோம்."

"நிறுத்திடு கண்ணு. வெறும் உடம்புச் சூடுதான். வளர வளர சரியாயிடும்."

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு இப்படி வைத்தியம் முடிந்தது. அவனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் கசியும் நோய். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

வளர்ந்தால் சரியாகிவிடுமாம்! ஜப்பானின் ஷின்சோ ஆபேக்குப் பதின்ம வயதிலேயே வந்த நோய் இது. அவரும் வளர்ந்தார், நாட்டின் பிரதமராகும் அளவுக்கு வளர்ந்தார். 2007-இல் அந்தக் குடல்தான் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அப்போது வயது 52. இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டுமோ?

நம்மவர்கள் ஏமாறுவதற்கு நோயே வழி செய்து கொடுக்கிறது. அது ஒரே சீராக எரிவதில்லை; சில மாதம் அடங்கும், பிறகு சீறும். அடங்கிய நேரத்தில் யார் வெந்தயமும் மோரும் கொடுத்தாரோ அவர் வைத்தியர் ஆகிவிடுகிறார். தினமும் விழுங்கிய மெசலமைன் மாத்திரைக்குப் பேரில்லை.

சின்னப் பிள்ளை என்பதால் நோயும் சின்னது என்று நினைக்கிறார்கள். நிலைமை தலைகீழ். பெரியவர்களில் பலருக்கு மலக்குடலோடும் இடப்பக்கக் குடலோடும் நிற்கும் புண், பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண்டுபிடிக்கும்போதே பெருங்குடல் முழுக்கப் பரவியிருக்கும். சிறிய இடத்தில் தொடங்கினாலும் சில ஆண்டுகளில் மேலே ஏறுவதுண்டு. ரத்தசோகை வரும், எடை குறையும், சிலருக்கு உயரமும் பருவமும் தள்ளிப்போகும். கடுமையாகச் சீறி, மருந்துக்கும் கட்டுப்படாவிட்டால் பெருங்குடலையே வெட்டி எடுக்க நேரிடும். எட்டுப் பத்து ஆண்டுகள் நோயோடு இருந்தவர்களுக்குப் புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று கொலனோஸ்கோபியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வயதில் நோய் வந்த பையனுக்கு அது கல்லூரிப் பருவம். வளர வளரச் சரியாகும் லட்சணம் இது!

இன்னொரு கூட்டம் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி மாதக்கணக்கில் கொடுக்கும். ரத்தம் சட்டென்று நிற்கும். முகம் உப்பும், எலும்பு தேயும், வளர்த்தி நிற்கும். சீறும் நோயை அடக்கிவிட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.

பள்ளிகளைச் சொல்லாமல் விட முடியாது. நாளுக்குப் பத்துத் தடவை வயிறு முறுக்கும் பிள்ளையிடம் "பீரியட் முடியட்டும்" என்பார்கள். முடிந்து ஓடினால் கழிவறையில் தண்ணீர் இருக்காது, தாழ்ப்பாளும் இருக்காது. மதிப்பெண் குறைந்தால் மட்டும் அப்பாவுக்குப் போன் பறக்கும்.

மறுபடி ஆபேயிடம் வருகிறேன். 2009-இல் ஜப்பானில் புது மெசலமைன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது கைகொடுத்ததாக அவரே சொன்னார். 2012-இல் மீண்டும் பிரதமரானார், ஏறத்தாழ எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தார். 2020-இல் நோய் திரும்பவும் சீற, மறுபடி விலகினார். 65 வயதிலும் போகாத 'உடம்புச் சூடு'!

பிள்ளையின் மலத்தில் ரத்தம் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் இதுதான் என்று உறுதியானபின், ரத்தம் நின்றுவிட்டாலும் அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.