குப்பனின் தகப்பன் பெயர்

1968 பிப்ரவரி 28. 124 நாடுகளிலிருந்து ஆளுக்கொரு கைப்பிடி மண் கொண்டுவந்து, பளிங்குத் தாழியில் போட்டு மூடி, ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அதே வருஷம் டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். முதலாவதற்குப் படம் இருக்கிறது, ஒலிப்பதிவு இருக்கிறது, தனியாக ஒரு காப்பகமே இருக்கிறது. இரண்டாவதில் செத்தவர்கள் பேரைக் கல்லில் வெட்டி நிறுத்த ஓர் இயக்கம் வேண்டியிருந்தது.

இந்தச் செம்மண் மேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஒன்றுமில்லாத பொட்டல்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். கூடவே இரும்பை மாகாளேசுவரர் கோயில் கதை. கடுவெளிச் சித்தர் கோபத்தில் சாபம் விட்டார், லிங்கம் வெடித்தது, மண் வறண்டது, தூரதேசத்து ஆட்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்று. அந்தக் கதையில் ராஜா உண்டு, சித்தர் உண்டு, ஆடுகிற தாசி உண்டு. ஆடு மேய்த்தவன் இல்லை, வரகு அறுத்தவள் இல்லை. குயிலாப்பாளையம், இடையன்சாவடி, பொம்மையார்பாளையம், கோட்டக்கரை எல்லாம் 1968-க்கு முன்னாலும் ஊர்கள்தான். மரம் வளர்த்ததை நான் குறைத்துப் பேசவில்லை. குழி தோண்டினது யார், அவங்க பேர் என்ன என்றுதான் கேட்கிறேன்.

வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. மரக்காணம் பூமீசுவரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளம் வருகிறது. உப்பு வாரின கை வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் பறைச்சேரியை, தீண்டாச்சேரியைக் குறிப்பிடுகிறான். வரி கழிக்க வேண்டிய நிலக்கணக்கில், சுடுகாட்டோடு சேர்த்து. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சேரிக்குப் பதிவு உண்டு, சேரியில் இருந்தவனுக்கு இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. பேரேட்டில் பேர் எழுதுவது என் பிழைப்பு. கவுண்டருக்கு வருகிற உப்பளத்துக் கிழவிக்கு ரேஷன் கார்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், ஊரில் கூப்பிடுகிற பேர் வேறு. தகப்பன் பேரைக் கேட்டால் சொல்லிவிடுகிறாள். தகப்பனைப் பெத்தவன் பேரைக் கேட்டால் விரலை மடக்கி யோசிக்கிறாள். “எதுக்குப்பா கேக்குற, லோன் குடுக்கப் போறியா?” என்றாள் ஒருத்தி. அவள் கேள்வி நியாயமானது. வம்சம் விசாரிப்பதால் நமக்கு என்ன கிடைக்கும்?

நிலம் கிடைக்கும். சும்மா சொல்லவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை வந்தது. அதன்வழியே வந்ததுதான் பஞ்சமி நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் காரணையில் கிளம்பினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

இன்றைக்கு ஒரு காலனிக்காரன் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் ‘பஞ்சமி நிலம் எங்க முப்பாட்டன் பேர்ல இருந்தது’ என்றால், எந்த முப்பாட்டன், நீ அவனுக்கு என்ன முறை என்று கேட்பார்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருப்பது ‘சின்னான் மகன் குப்பன்’. இவன் கையில் இருப்பது தகப்பன் பேர் மட்டும். நடுவில் மூன்று தலைமுறை காணோம். 1980-இல் கர்ணம் பதவி போகும்வரை கணக்கு மேல்சாதி வீட்டுத் திண்ணையில் கிடந்தது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். அளவையில் பழைய பேர் பல இடத்தில் மறைந்துபோனது என்பது பஞ்சமி நிலப் போராட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற புகார். போதாததற்கு 1922-க்குப் பிறகு அரசாங்கக் காகிதத்தில் பறையர், பஞ்சமர் போய் ஆதி திராவிடர் வந்தது. ஒரே குடும்பத்தை இரண்டு மூன்று தலைப்புகளில் தேட வேண்டும்.

ஆனால் நம் ஜனங்களிடம் பதிவே இல்லை என்பது பொய். பேரன் என்றால் பெயரன், தாத்தன் பேரைத் தாங்குகிறவன். ஒரு குடும்பத்தில் குப்பன், சின்னான், குப்பன், சின்னான் என்று மாறிமாறி வந்தால் அதுவே ஓர் ஏடு. குப்பன் என்கிற பேரே ஒரு சாவுக் கணக்கு. முன்னால் பிறந்ததுங்க தங்காமல் போனதால், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து வைத்த பேர். மேல்சாதிக்காரன் இளக்காரமாகக் கூப்பிடும் பேருக்குள் செத்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெண்கள் வழியும் உண்டு. நாம் எழுதுகிற வம்சப் பட்டியலில் ஆம்பிளைகள்தான் வரிசையாக நிற்கிறார்கள். எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவளோ அம்மா வீட்டை, ஆயா வீட்டை, கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்லித்தான் அழுகிறாள். மாணவத் தோழர்கள் நோட்டும் கையுமாக முதலில் போய் உட்கார வேண்டியது அவளிடம்.

கப்பலேறிப் போனவர்கள் கதை இதற்கு நேர்மாறு. 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு 1,52,184 பேரை ஏற்றிப்போனார்கள். நம்ம ஆற்காட்டு ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் ஏராளம். ஆளுக்கொரு நம்பர் போட்டு, பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதினான் வெள்ளைக்காரன். ஓடிப்போனால் பிடிக்கத்தான். அந்தக் கங்காணிக் கணக்கை வைத்து இன்று டர்பனிலிருக்கிற பேத்தி தன் ஊரைத் தேடுகிறாள். ஊரிலேயே தங்கி உழைத்தவன் பேத்திக்கு அந்தத் துண்டுச் சீட்டும் கிடையாது.

‘ஏழு தலைமுறைகள்’ படித்துவிட்டு உடனே கிளம்புகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அலெக்ஸ் ஹேலி காம்பியாவில் கேட்ட கதையை 1977-இலேயே ஒரு லண்டன் பத்திரிகையாளர் குடைந்தார். சொன்னவருக்கு ஹேலி என்ன எதிர்பார்க்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது என்றார். ஆகவே பதிலை நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. இரண்டு கிழவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். வருஷம் கேட்காதீர்கள், மாத்ரிமந்திருக்கு அடிக்கல் போட்டதுக்கு (1971) முன்னேயா பின்னேயா என்று கேளுங்கள். முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

நாமும் ஆண்ட பரம்பரைதான் என்று கிளம்புகிற கோஷ்டியோடு எனக்கு ஒட்டாது. அயோத்திதாசர் பழமொழியையும் வழக்காற்றையும் தோண்டி எழுதினது பௌத்தத்துக்கு வழி தேட, சிம்மாசனம் தேட அல்ல. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ ராஜா கதை இல்லை. பண்ணையில் மாடு மேய்த்த தாத்தனை மன்னனாக்கினால் அவன் வாங்கின அடியையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

எழுதக் கூடாததும் இருக்கிறது. பண்ணையார் வீட்டு வழியாக வந்த பிள்ளைகளைப் பற்றிக் கிழவிகளுக்குத் தெரியும். நம்பித் தனியாகச் சொல்வார்கள். உயிரோடிருக்கிற பெண்ணின் சம்மதமில்லாமல் அது எந்த நோட்டிலும் ஏறக் கூடாது. வரலாறு என்ற பேரில் அவளை இன்னொரு தடவை தெருவில் நிறுத்துவதற்கு இயக்கம் எதற்கு?

அவசரமும் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள். கூரை எரிந்தால் டிரங்குப் பெட்டியும் எரியும், பட்டாவும் எரியும். 2004 சுனாமி, 2011 தானே புயல் வேறு. 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமானது. பறவைக்குக் காலில் வளையம் மாட்டி நம்பர் போடுகிறார்கள். போடட்டும், எனக்குச் சந்தோஷம்தான். அந்தக் கழுவெளி ஓரத்துக் காலனிகளில் எண்பது தாண்டினவர்கள் எத்தனை பேர் மிச்சம்?

ஒரு காலனிக்கு ஒரு நோட்டு போதும், 200 பக்க லாங் சைஸ். இடப்பக்கம் பேர், வலப்பக்கம் யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. கூப்பிடுகிற பேர், பதிவுப் பேர் இரண்டும் வேண்டும். தாய் பேரை விடாதீர்கள். இதழுக்கு ஜெராக்ஸ் அனுப்பினால் போதும். மூல நோட்டு காலனியிலேயே, இரண்டு வேறு வேறு வீட்டுக்காரர்கள் பொறுப்பில் இருக்கட்டும்.