சித்திரையில் தூக்கி எறியலாமா?

கார்த்திகை பிறந்துவிட்டால் மயூர் விஹார் தெருக்களில் செடி விற்கும் தள்ளுவண்டிகள் வரத் தொடங்கிவிடும். சாமந்தி, பெட்டூனியா இவற்றோடு, மெழுகு பூசியது போன்ற இலையும் சிவப்பு, வெள்ளை, ரோஜா நிறப் பூக்களுமாகப் பிகோனியாவும் இருக்கும். நம்மவர் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். பங்குனி வரை பால்கனி களைகட்டியிருக்கும். சித்திரை வெயிலில் செடி வாடியதும் அது குப்பைக்குப் போய்விடும். 'சீசன் செடிதானே, அடுத்த வருடம் வேறு வாங்கினால் போகிறது' என்பது பொதுவான சமாதானம்.

இந்தச் சமாதானம் சரியல்ல என்பது என் கருத்து. பிகோனியா பல்லாண்டு வாழும் செடி. அதை ஒரு பருவச் செடியாக்கியது டில்லியின் கோடையும் நம் பராமரிப்பும்தான்.

மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் பெயரைத் தாங்கிய இந்தக் குடும்பத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தள்ளுவண்டியில் வரும் மெழுகு பிகோனியாவின் பூர்வீகம் பிரேசில் பக்கம். ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், ஈரப் பாறைகளின் நிழலில், இதன் உறவினர்கள் தாமாகவே வளர்கின்றன. ஈரக்காற்று, மிதமான வெளிச்சம், தண்ணீர் தேங்காத வேர் ஆகிய மூன்றும் இந்தக் குடும்பம் பொதுவாக விரும்புபவை.

மூன்றாவதில்தான் பெரும்பாலான செடிகள் மடிகின்றன. ரயில்வேயில் பணியாற்றிய எங்களுக்கு வடிகால்தான் பாலபாடம். ஜல்லியில் சேறு அடைத்துத் தண்ணீர் தங்கினால் தண்டவாளம் தாழ்ந்துவிடும். பிகோனியாவின் தண்டும் இலையும் தாமே நீரைச் சேமித்து வைப்பவை. தினமும் ஊற்றினால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவோம். விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தட்டில் வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்புவது நல்லது என்பார்கள். பாதைக்கு நல்லது தொட்டிக்கு ஆகாது. மேலேயுள்ள பொடி மண் முற்றிலும் நனைந்து நிரம்பும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. எனவே ஈரம் வேருக்கு இன்னும் அருகில் தங்கிவிடும். மணலையும் மக்கிய இலை உரத்தையும் மண் முழுவதிலும் கலப்பதே முறை. துளையை ஓர் ஓட்டுச்சில்லால் மறைத்தால் போதும்.

சிக்கனம் கருதிச் சிலர் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை ஊற்றுகிறார்கள். உப்புகள் செறிந்த அந்த நீரைத் தரை கழுவ வைத்துக்கொள்வோம், தொட்டிக்கு வேண்டாம்.

பனிக்காலத்தில் காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் இதற்கு ஏற்ற இடம். கடுங்குளிர் இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். மூடுபனி நாட்களில் இலையை நனைக்காமல் இருப்பது நல்லது. கோடையில் மேற்கு வெயிலும் லூ காற்றும் படக்கூடாது. கூலர் ஓடும் அறையில், காற்று நேராக அடிக்காத வெளிச்சமான மூலை நல்லது. அப்போது பூ குறைந்தால் கவலை வேண்டாம்; உயிர் தங்கினால் போதும். மழைக்காலத்திலும் நேரடி மழையில் வைக்க வேண்டாம்.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். ரோஜா போல அடுக்குப் பூ விடும் ரீகர் வகையை டில்லிக் கோடையில் காப்பது கடினம். மெழுகு பிகோனியாவுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

விலை குறைந்த செடிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். எனக்கு விலை முக்கியமாகப் படவில்லை. நம்மில் பலர் வீட்டில் இன்று வயதான இருவர், அல்லது ஒருவர் மட்டுமே. பிள்ளைகள் தொலைவில். கோடையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். செடிக்கு யார் தண்ணீர் விடுவது? அந்தக் கேள்விக்காகவாவது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் பல வருடம் குடியிருக்கும் அடுக்ககங்களில் இது சின்ன விஷயமல்ல.

ஆகவே என் யோசனை இது. மாசி மாதத்தில், வெயில் ஏறுமுன், நுனிக் கிளையை மூன்று நான்கு அங்குலம் கணுவுக்குக் கீழே வெட்டி, பூவையும் அடி இலைகளையும் நீக்கி, ஈர மணலில் நட வேண்டும். சில வாரங்களில் வேர்விடும். ஒன்றை நாம் வைத்துக்கொண்டு இரண்டை அண்டை வீடுகளுக்குக் கொடுப்போம். நம்முடையது பட்டுப்போனாலும் அவர்களிடம் ஒன்று மிஞ்சும். அவர்களுடையது போனால் நம்மிடம். சங்கத்தின் மாசி மாதக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் ஆளுக்கு ஒரு நாற்று கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். செலவில்லாத இந்த ஏற்பாட்டைச் செயற்குழு பரிசீலிக்க வேண்டுகிறேன்.